போர்ட்டில் நடந்த வேலை

அத்தியாயம் 6

16 ஜனவரி 2003, வியாழன். இன்று ஒரு சின்னத் தப்பு. சின்னது என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். மகேஷைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான். 'போர்ட்ல வேலை முடிஞ்சாச்சு' என்று கார்ப் பந்தயக்காரி தாரா செல்போனில் யாரிடமோ சொன்னதைக் கேட்டதாகச் சாட்சி. போர்ட் என்றதும் துறைமுகம் என்று முடிவுகட்டி, பகல் முழுவதும் கிதர்பூர் டாக்கிலும் கார்டன் ரீச்சிலும் அலைந்தேன். கப்பலில் வந்த வாயு சிலிண்டர் எதையும் அங்கே யாரும் பார்க்கவில்லை. மாலை கம்ப்யூட்டர் வகுப்பில் சார் சொன்னார்: "பிரிண்டர் போர்ட்னா பிரிண்டருக்கான வாசல், அவ்வளவுதான்." போர்ட் என்றால் வாசல். கார் இஞ்சினுக்கும் வாசல் உண்டோ? தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதிவைக்கிறேன்.

இதை எழுதிய ஷியாமளா, வெள்ளிக்கிழமை காலை டைரியை மேஜைமேல் விட்டுவிட்டு டீ வாங்கப் போனது அவள் செய்த அடுத்த தப்பு. திரும்பி வந்தபோது உதவியாளன் மகேஷ், குரங்குக் குல்லாயைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அதன் வட்டத்துக்குள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"தீதி, ஒரு டவுட். நேத்து டாக்ல அந்த ஆபீசரைப் பிடிச்சு 'சிரிப்பு வாயு ஏதாவது வந்துச்சா'ன்னு கேட்டீங்களே, அவர் விழுந்து விழுந்து சிரிச்சாரே, அது வாயுவாலயா, உங்களாலயா?"

"டைரியை வை."

"வெக்கறேன். ஆனா 'மகேஷைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான்'னு எழுதியிருக்கீங்க. கேக்கவே இல்லையே. கேளுங்க, சொல்றேன்."

அவன் கல்கத்தா பவானிபூரிலேயே பிறந்து வளர்ந்தவன்; அக்கா என்பதற்குத் தீதி என்பான். தமிழை வங்காளி மாதிரி பேசுவான். தண்ணீரையும் சாப்பிடுவான், சிகரெட்டையும் சாப்பிடுவான். அவனுக்குப் பதில் சொல்வதில் பயனில்லை என்று ஷியாமளாவுக்குத் தெரியும். இருந்தாலும் தன் பக்க நியாயத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'போர்ட்ல வேலை' என்றால் அவள் வீட்டில் ஒரே அர்த்தம்தான். அப்பா மருதமுத்துவுக்குப் போர்ட்டில் வேலை. சித்தப்பாவுக்குப் போர்ட்டில் வேலை. அவளுக்கு வந்த வரன்கள்கூட "பையனுக்குப் போர்ட்ல வேலை" என்றுதான் ஆரம்பித்தன. சாட்சி சொன்ன பத்மநாபனும் அதே மாதிரிக் குடும்பம்தான். அவர் அந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதில் விஷயம் ஒரு மோட்டார் கிளப்பில் எழுத்துமூலமான புகாராகிவிட்டது; ஷியாமளாவும் அதே மாதிரிப் புரிந்துகொண்டதில் ஒரு பகல் டாக்கில் போய்விட்டது.

புகார் இதுதான். ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம். அதில் ஒரு பிரிவுக்கு 'இயற்கை மூச்சு' என்று பெயர். கார் தானாக உறிஞ்சுகிற காற்றில் மட்டுமே ஓட வேண்டும். காற்றைத் திணிக்கிற டர்போ கூடாது. இஞ்சினை வெறிபிடிக்க வைக்கிற வாயு, அதாவது பல் டாக்டர்கள் வைத்திருக்கிற அதே சிரிப்பு வாயு, அறவே கூடாது. டிசம்பர் ஒத்திகையில், எப்போதும் கடைசியாக வருகிற சீதாராமனின் பழைய மாஸ்டா கார், ரோஹித் என்பவனின் காரைத் தாண்டிப் போய்விட்டது. ஓட்டியவள் சீதாராமனின் மகள் தாரா. வாயு வைத்திருக்கிறாள் என்றான் ரோஹித். அவனுடைய மேனேஜர் பத்மநாபன், அந்தச் சிலிண்டர் 'போர்ட்' வழியாக வந்ததைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னார்.

குற்றம் உறுதியானால் தாராவுக்கு ஆயுள்தடை. ஞாயிறு காலை, பந்தயத்துக்கு முன்னால், இஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதென்று கிளப் கமிட்டி முடிவுசெய்துவிட்டது. சீதாராமன், ஷியாமளா வேலை பார்க்கும் துப்பறியும் நிலையத்துக்கு ஓடிவந்தார். முதலாளி ரங்கராஜன் வேறு வழக்குக்காக டில்லிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சின்ன கேஸ்தாம்மா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு டாக்ஸி ஏறினார். அவர் எதைச் சின்னது என்று சொன்னாலும் ஷியாமளா அதை நம்புவதில்லை.

"கிளம்பு" என்றாள் ஷியாமளா, மகேஷிடமிருந்து டைரியைப் பிடுங்கிக்கொண்டு. "கார் இருக்கிற வீட்டுக்குப் போவோம். வாசல் எங்க இருக்குன்னு பாக்கணும்."

"வீட்டு வாசலா, இஞ்சின் வாசலா? முன்னாடியே சொல்லிடுங்க தீதி. இல்லாட்டி மறுபடி டாக்குக்குப் போயிடுவோம்."

சீதாராமனின் வீடு ஜது பாபு பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மத்திய அரசுத் தணிக்கையில் இருந்து ஓய்வுபெற்றவர். சென்னையில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு, தங்கை வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு, டிசம்பரில்தான் திரும்பியிருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு கராஜ் கதவைத் திறந்தார். உள்ளே தாழ்வாக, சிவப்பாக, பதுங்கின மாதிரி நின்றது கார்.

"ஜப்பான் இஞ்சினீயர் ஒருத்தர் ஊருக்குத் திரும்பறச்சே குடுத்துட்டுப் போனது. ரோட்டரி இஞ்சின்! கல்கத்தாவிலயே இது ஒண்ணுதான்னு நெனைக்கறேன். பிஸ்டன் கெடையாது, வால்வு கெடையாது. மூணு முனை வச்ச ரோட்டர் ஒண்ணு கூட்டுக்குள்ள சுத்திண்டே இருக்கும்."

"சிங்காரா மாதிரியா, சார்?" என்றான் மகேஷ். வங்காளிகள் சமோசாவைச் சொல்கிற பெயர் அது.

சீதாராமன் கோபப்படுவார் என்று ஷியாமளா பயந்தாள். அவர் யோசித்துப் பார்த்து, "வயிறு உப்பின சிங்காரா" என்று திருத்தினார். "அந்த மூணு முனையிலயும் சீல் இருக்கும். சுத்தி ரப்பர் வளையம் இருக்கும், தண்ணி உள்ள போகாம. ஒருதரம் பிரிச்சா அந்த ரப்பர் திரும்ப உக்காராது. புதுசு போட்டே ஆகணும். அது இந்தியாலயே கெடைக்காது."

"அப்போ பிரிக்கக் கூடாதுன்னு சொல்ல வேண்டியதுதானே சார்?" என்றாள் ஷியாமளா.

"எதுக்கு? தாராளமாப் பிரிங்கோன்னு எழுதியே குடுத்துட்டேன்!" சீதாராமன் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்கிட்ட புது செட் ஒண்ணு இருக்கு. மடியில கனமில்லாதவன் நான். என் அனுமதி இல்லாம இந்த இஞ்சின்ல ஒரு போல்ட்டைக்கூட யாரும் தொட்டதில்லேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"சரி, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க சார்."

அவர் சாவியைத் திருப்பினார். இஞ்சின் பிடித்தது. ஆனால் பிடித்த விதம் ஷியாமளாவுக்குப் புதிதாக இருந்தது. ஒரே சீராக உறுமவில்லை. தப், தப், தப்தப், தப் என்று, சொல்ல வந்ததை மறந்துபோன ஆள் மாதிரி விட்டுவிட்டுத் திணறியது. கராஜ் தகரம் அதிர்ந்தது.

"குளிர்" என்றார் சீதாராமன். "கல்கத்தா ஜனவரி. நமக்கே தொண்டை கட்டிக்கறது. நான் மெட்ராஸ்லேர்ந்து வந்த நாள்லேர்ந்து இப்படித்தான் இருக்கு."

"ஒரு குல்லா போட்டுவிடலாம் சார்" என்று மகேஷ் தன்னுடையதைத் தொட்டுக் காட்டினான்.

அதற்குள் எதிர்வீட்டு மாடியில் ஜன்னல் படாரென்று திறந்தது. மித்ரா பௌதி, அதாவது மித்ரா வீட்டு அண்ணி. அந்தச் சந்துக்கே அவர்தான் செய்தித்தாள். வங்காளியில் அவர் பொரிந்து தள்ளியதை மகேஷ் உடனுக்குடன் தமிழாக்கினான்.

"பௌதி சொல்றாங்க, இந்த சத்தம் காளி பூஜை டைம்லயே, அதான் நம்ம தீபாவளிக்கே, ஆரம்பிச்சிடுச்சாம். முதல்ல பட்டாசுன்னு நினைச்சாங்களாம். பூஜை முடிஞ்சு, சாமியைக் கரைச்சு, மாசம் மாறியும் பட்டாசு நிக்கலையாம். அவங்க மாமியார் ரெண்டு தடவை பூகம்பம்னு பயந்து எழுந்து சங்கு ஊதிட்டாங்களாம்."

"ஓடும்போதும் இந்தச் சத்தம் இருக்கான்னு கேளு."

மகேஷ் கேட்டான். மாடியிலிருந்து நீளமாக ஒரு பதில் வந்தது. கையால் அபிநயமும் இருந்தது.

"நின்னா இருமுதாம். ஓடினா பாடுதாம்."

ஷியாமளா அந்த இடத்திலேயே டைரியைத் திறந்து எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு யோசித்தாள். யோசித்துவிட்டு ஒரு கேள்விக்குறி போட்டாள்.

"மகேஷ், வாயுவை எப்போ திறப்பாங்க?"

"ரேஸ்ல. அழுத்தி மிதிக்கறப்போ."

"வீட்டு வாசல்ல சும்மா நிக்கிறப்போ?"

"மூடியிருக்கும். அவ்வளவு காசு குடுத்து வாங்கின சிரிப்பை யாராவது சந்துல சிரிப்பாங்களா?"

"அப்போ வாயு இருந்திருந்தா நிக்கிற சத்தம் மாறவே மாறாது. ஓடுற சத்தம்தான் மாறும். இங்க நிக்கிறப்பவே மாறியிருக்கு. அப்படின்னா இஞ்சினுக்குள்ள ஏதோ நிரந்தரமா மாறியிருக்கு." மகேஷின் முகத்தைப் பார்த்தாள். "அப்படித்தானே? நான் ஏதாவது தப்பா...?"

"தீதி, நீங்க சரியாச் சொன்ன மறுநிமிஷம் இப்படி முழிக்கிறதுதான் பெரிய க்ளூ. கரெக்ட்தான். போங்க."

அவள் சீதாராமனிடம் திரும்பினாள். அந்தப் புது சீல் செட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் மகிழ்ச்சியோடு உள்ளே போய், அலமாரியின் மேல்தட்டில் இருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துவந்தார். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"தொண்ணூத்தாறுல ஜப்பான்காரர் குடுத்தது. ஈரக்காத்து படக் கூடாதுன்னு நானே என் கையால சுத்தி வச்சேன். அதுக்கப்பறம் பிரிக்கவே இல்லை. சாமி படத்துக்குப் பக்கத்துலயே இருக்கு."

பொட்டலத்தை அவர் பிரிக்கவில்லை; துணியில் சுற்றிய குழந்தையைக் காட்டுகிற மாதிரி அப்படியே காட்டினார். ஷியாமளாவும் பிரிக்கச் சொல்லவில்லை. வெளித்தாளை மட்டும் படித்தாள். ஆங்கிலத் தாள். ஒரு பக்கம் பூஜைத் தள்ளுபடியில் சேலை விளம்பரம். கீழே கடை விலாசம். அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை விரலை வைத்துப் படித்தாள்.

"சார், ஊர்ப் பேரை நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"கல்கத்தா. வேற எப்படி? கவர்ன்மெண்ட் ரெண்டு வருஷம் முன்னாடி கொல்கத்தான்னு மாத்தித்து. என் வாய் மாறலை."

"தொண்ணூத்தாறுல பேப்பர்காரங்க?"

"இங்கிலீஷ் பேப்பர்னா கல்கத்தாதான். ஏம்மா?"

"ஒண்ணுமில்ல சார். எனக்கு எழுத்துல எப்பவும் சந்தேகம்" என்று சொல்லி டப்பாவை மூடிக் கொடுத்தாள். மகேஷ் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்திருந்தான். விலாசத்தின் கடைசிச் சொல் அவன் கண்ணிலும் பட்டிருந்தது. கொல்கத்தா.

தொண்ணூற்றாறில் கட்டிய பொட்டலத்தைச் சுற்றியிருந்தது, ஊர் பெயர் மாறிய பிறகு அச்சான தாள். யாரோ பிரித்திருக்கிறார்கள். பிரித்துவிட்டு அதே அக்கறையோடு திரும்பச் சுற்றியிருக்கிறார்கள். அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருவர், சத்தம் மாறிய காளி பூஜை நாட்களில், சென்னையில் கண்ணில் கட்டோடு படுத்திருந்தார்.

தாரா மதியம் வந்தாள். கார்டன் ரீச்சில் கப்பல் கட்டுகிற யார்டு ஒன்றில் பயிற்சி இஞ்சினீயர். வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு கேட்டு வந்திருந்தாள். ஷியாமளா அவளை வீட்டுக்குள் போக விடாமல் சந்து முனை டீக்கடைக்கு அழைத்துப் போனாள். மூன்று மண்குவளைகளில் டீ வந்தது.

"உங்க போர்ட்டைத் தேடி நேத்து உங்க கார்டன் ரீச்சுக்கே வந்திருந்தேன்" என்று ஆரம்பித்தாள் ஷியாமளா. "கப்பல் எல்லாம் பாத்தேன். உங்க போர்ட் இங்க கராஜ்லயே இருந்திருக்கு."

தாராவின் குவளை பாதி வழியில் நின்றது.

"கொல்கத்தான்னு போட்ட பேப்பர்ல ஏன் சுத்தினீங்க?" என்றான் மகேஷ். "கல்கத்தான்னு போட்ட பழைய பேப்பர் கடலை வண்டிக்காரன்கிட்டக்கூட இருக்குமே."

தாரா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு தோள் தளர்ந்து சிரித்தாள். அது மாட்டிக்கொண்ட சிரிப்பு இல்லை. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்ததை இறக்கிவைத்த சிரிப்பு.

"கேட்டா அப்பா விடமாட்டார். பேசியே முடிச்சுடுவார். அவர் மெட்ராஸ் போனதும் என் ஃபிரெண்டு சாதனா வீட்டு ஷெட்டுக்குக் காரை எடுத்துண்டு போயிட்டேன். ரெண்டு பேரும் சேந்து இஞ்சினைப் பிரிச்சோம். போர்ட் வேலை பண்ணினோம். அது முடிஞ்சதைத்தான் பெட்ரோல் பங்க்ல நின்னு இன்னொரு ஃபிரெண்டுகிட்ட போன்ல சொன்னேன்."

"போர்ட்னா வாசல். அது வரைக்கும் தெரியும்" என்றாள் ஷியாமளா, கொஞ்சம் பெருமையாக. "அதுக்கு மேல சொல்லுங்க."

தாரா டீக்கடைப் பெஞ்சில் விரலால் வரைந்தாள். "மத்த இஞ்சின்ல வால்வு திறந்து மூடும். இதுல வால்வே இல்லை. கூட்டுச் சுவர்ல ஓட்டை. ரோட்டர் சுத்தறச்சே அதுவே ஓட்டையைத் திறக்கும், அதுவே மூடும். ஓட்டையை அரத்தால ராவிப் பெருசாக்கினா சீக்கிரம் திறக்கும், லேட்டா மூடும். வேகமா சுத்தறச்சே காத்து நிறையப் போகும். புகை போற வாசலையும் பெருசாக்கினேன். குழாயையும் நல்லதா மாத்தினேன். காத்தை யாரும் உள்ள திணிக்கலை. கதவை அகலமா வெச்சேன், அவ்வளவுதான்."

"அதான் நின்னா இருமுதா?"

"ஆமாம். மெதுவா சுத்தறச்சே உள்ள வர காத்தும் வெளில போற புகையும் வாசல்ல முட்டிக்கும். ஆறாயிரம் சுத்து தாண்டட்டும், அப்பறம் பாருங்கோ."

"அதிகமா ஹவா சாப்பிடுது" என்று முடிவு சொன்னான் மகேஷ். காற்று அவனுக்கு ஹவாதான்.

"இது கிளப் விதிப்படி தப்பா?" என்று ஷியாமளா கேட்டாள்.

"இல்லை. உலோகத்தை எவ்வளவு வேணா ராவலாம். ஆனா என்ன பண்ணினோம்னு எழுதிக் குடுத்துடணும்." தாரா குவளையைக் கீழே வைத்தாள். "அப்பா எதையுமே தொடலைன்னு எழுதிக் குடுத்துட்டார். அது பொய். அவருக்குத் தெரியாத பொய். அதுமட்டும்னா நான் ஒரு மாதிரி சமாளிப்பேன். பிரிங்கோன்னும் எழுதிக் குடுத்துட்டார். டப்பால புது செட் இருக்குன்னு நம்பிண்டு."

ஷியாமளாவுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. "புது செட் இப்போ..."

"இஞ்சினுக்குள்ள. டப்பால இருக்கறது பழசு. ரப்பரெல்லாம் தட்டையா அப்பளம் மாதிரி. ஞாயித்துக்கிழமை பிரிச்சா இந்தக் கார் திரும்ப ஓடாது. ஒரு வாரமா சொல்லணும் சொல்லணும்னு அவர் முன்னாடி போய் நிக்கறேன். அவர் அந்த டப்பாவை எடுத்துக் காட்டி 'பயப்படாதே, அப்பா இருக்கேன்'ங்கறார்."

வழக்கு தலைகீழாக நின்றது. ரோஹித்தின் புகார் தப்பு. அதைவிட ஆபத்தாக இருந்தது, மகளைக் காப்பாற்ற அப்பா போட்ட கையெழுத்து.

வீட்டுக் கூடத்தில் தாரா எல்லாவற்றையும் சொன்னாள். மகேஷ் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். சீதாராமன் பொட்டலத்தைப் பிரித்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். அது அப்பளம் மாதிரிதான் இருந்தது.

"முப்பது வருஷம் ஆடிட்ல இருந்தேன்" என்றார் மெதுவாக. "தப்பான ஒரு வரிக்குக் கீழ என் கையெழுத்து கெடையாது. இப்போ இருக்கு."

"அப்பா..."

"நாளைக்குப் போய் உன் பேரை வாபஸ் வாங்கிடறேன். போதும்."

தாராவின் முகம் வெளுத்தது. ஷியாமளா தொண்டையைச் செருமினாள். பெரியவர்களை மறுத்துப் பேசுவது அவளுக்கு எப்போதும் கஷ்டம்.

"சார், பேரை வாபஸ் வாங்கினா வாயு வெச்சிருந்தது உண்மைன்னு ஆயிடும். வாபஸ் வாங்க வேண்டியது பேரை இல்ல. அந்த வரியை. நான் தப்பா எழுதினா அடிச்சுட்டுப் பக்கத்துல சரியானதை எழுதுவேன். பேஜைக் கிழிக்கமாட்டேன்."

"அவங்க டைரியைப் பாத்தவன் நான், சார்" என்றான் மகேஷ். "அடிச்சதுதான் அதிகம். ஆனா ஒரு பேஜ்கூடக் கிழியலை."

சீதாராமன் அவனை முறைத்தார். முறைப்பு கொஞ்ச நேரம்தான் நின்றது. வளையத்தைப் பொட்டலத்தில் வைத்தார்.

"பிரிக்காம எப்படிக் காட்டுவே?" என்று மகளைக் கேட்டார். குரலில் இன்னும் விறைப்பு இருந்தது.

"புகைக்குழாயைக் கழட்டினா போதும்ப்பா. அந்த வாசல் வெளிலேர்ந்தே தெரியும். நான் ராவின தடம் இருக்கும். பழைய அளவும் எங்கிட்ட இருக்கு."

"ஓரம் எல்லாம் மழுமழுன்னு பண்ணியிருக்கியா? பிசிறு இருந்தா சீலைக் கடிச்சுடும்."

"பண்ணியிருக்கேன்."

"நான் தொட்டுப் பாக்காம நம்பமாட்டேன்" என்றார் சீதாராமன். பிறகு இடம் பார்த்து உட்கார்ந்து, பேனா எங்கே என்று கேட்டார்.

அன்று மாலை கம்ப்யூட்டர் வகுப்பில், சார் பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கும்போது ஷியாமளா டைரியைத் திறந்தாள்.

17 ஜனவரி 2003, வெள்ளி. தாரா சொன்னது முழுவதும் பொருந்துகிறது. ஆனால் வாசலை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. நாளை சனிக்கிழமை காலை, கார் ஆறியிருக்கும்போதே புகைக்குழாயைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து நானே முதலில் பார்க்க வேண்டும். ராவின தடம் இருந்தால், சீதாராமன் சார் தன் பழைய வரியை அடித்துத் திருத்தி எழுதிய தாளோடு கிளப்புக்குப் போய், இஞ்சினைப் பிரிக்கலாம் என்று கொடுத்த சம்மதத்தை மத்தியானத்துக்குள் திரும்ப வாங்க வேண்டும். கமிட்டிக்காரர்களுக்குக் குழாயை அங்கேயே இன்னொரு தடவை கழற்றிக் காட்ட வேண்டும்; வேகம் வந்தது வாயுவால் இல்லை, வாசலால் என்று அதுவே சொல்லும். காரைத் தாரா ஓட்டுவாள். அவளுடைய அப்பா பக்கத்தில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். காரில் இரண்டே சீட், நானும் மகேஷும் பஸ்ஸில் போக வேண்டும்.